வால்டேருக்கு வந்த ஃபார்வர்டு

குடும்ப வாட்ஸ்அப் க்ரூப்ல சித்தப்பா டுபாக்கூர் ஃபார்வர்டு போட்டா சிரிக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க பாஸ். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மகா புத்திசாலி ஒருத்தரே இந்தியாவிலிருந்து போன ஒரு 'ஃபார்வர்டை' நம்பி ஏமாந்திருக்கார். ஆள் யார் தெரியுமா? வால்டேர்!

மதத்தின் பேரால் யாரையும் கொடுமைப்படுத்தாதே, நினைச்சதைப் பேச விடுன்னு எழுதியே பேர் வாங்கினவர். எழுதினதோட நிக்கலை. 1762-ல் துலூஸ் நகரத்தில் ழான் கலாஸ் என்ற புராட்டஸ்டன்ட் வியாபாரிக்கு மரண தண்டனை. மகன் கத்தோலிக்கரா மாறிடக் கூடாதுன்னு அவரே கொன்னுட்டாராம். வால்டேரும் முதல்ல நம்பத்தான் செஞ்சார். அப்புறம் கலாஸின் இன்னொரு மகனைக் கூப்பிட்டு விசாரிச்சார், ஆதாரம் தேடினார். 1765-ல் தீர்ப்பு ரத்தாகிற வரைக்கும் விடலை.

இவ்வளவு கறாரான மனுஷன் கவிழ்ந்தது 'எசூர்வேதம்' என்ற கையெழுத்துப் பிரதியில். 1760-ல் இந்தியாவிலிருந்து திரும்பிய மொதாவ் என்ற பிரெஞ்சு அதிகாரி கொடுத்தது. வியாசரும் சுமந்துவும் பேசிக்கிற மாதிரி போகும். கடவுள் ஒருவரே, சிலை வழிபாடு தப்புன்னு வாதம். வால்டேருக்கு ஜாக்பாட்! சர்ச்சோட தயவே இல்லாம இந்தியாவில் ஆதியிலேயே சுத்தமான மதம் இருந்ததுக்கு இதோ சாட்சி! அலெக்சாண்டருக்கும் முந்தினதுன்னு அடிச்சு விட்டார். 1761-ல் ராஜாவோட நூலகத்துக்கே அனுப்பி வெச்சார்.

அது வேதமே இல்லை. இந்துக்களை மதம் மாத்துறதுக்காகப் பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார்கள் தயாரிச்ச சரக்கு. வால்டேர் விடாம வறுத்தெடுத்தாரே, அதே சேசு சபை! எந்தப் பாதிரியார் எழுதினார்னு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அடிச்சுக்கிறாங்க.

அந்தச் சபைக்கு நம்ம ஊர்லயும் ஒரு கதை உண்டு. தட்டாஞ்சாவடியில் வண்டியை எடுத்தா கால் மணி நேரத்தில் மிஷன் வீதி. சம்பா கோவில் இருக்கே, அங்கே அவங்க சர்ச்சுக்குப் பக்கத்தில்தான் பழைய வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. 1748-ல், டூப்ளே கவர்னரா இருந்தப்போ, இடிச்சுட்டாங்க. ஆனந்தரங்கப் பிள்ளை தன் டைரியில் அதைப் பதிவு பண்ணியிருக்கார். வால்டேர் எதிர்த்த மதவெறிக்கு அசல் சாட்சி அந்த டைரி. அது அவர் கைக்குப் போகலை. போலி வேதம் போச்சு.

எனக்கு வால்டேர் மேல மரியாதை குறையலை. ஆனா கவனிங்க, அவர் தோண்டித் துருவினது எதிராளிங்க சொன்ன கதையை. தன் கட்சிக்கு வசதியா வந்ததைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. நம்ம லேப்ல ரீடிங் எசகுபிசகா வந்தா மூணு தடவை செக் பண்ணுவோம். எதிர்பார்த்தது வந்தா? அப்படியே அப்சர்வேஷன் நோட்டுல ஏறிடும்.

1778-ல் எசூர்வேதம் அச்சாச்சு. வால்டேர் காலமானதும் அதே வருஷம். 1782-லேயே சொன்னெரா என்ற பயணி, இது மிஷனரி வேலைன்னு எழுதிட்டார். முழுசா உடைச்சது, திருக்குறளை மொழிபெயர்த்த சென்னை கலெக்டர் எல்லிஸ். பாண்டிச்சேரி மிஷனில் இருந்த பிரதிகளையே புரட்டிப் பார்த்து அவர் எழுதின கட்டுரை, அவர் மறைவுக்கு அப்புறம் 1822-ல் வெளியாச்சு.

நிஜச் சரக்கும் இங்கிருந்து போகாம இல்லை. மரிதாஸ் பிள்ளை என்ற பாண்டிச்சேரி மொழிபெயர்ப்பாளர் தமிழ் பாகவதத்தைப் பிரெஞ்சில் தந்தார். பாரீஸில் அது அச்சானப்போ வருஷம் 1788. வால்டேர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருந்தது.