மைதானத்துக்கு வரிப்பணம் என்றால், போய்வர வழியும் வேண்டும்

டாம்பா பே ரேஸ் அணியின் புதிய மைதானம் எங்கே அமைய வேண்டும் என்ற விவாதத்தில், பேஸ்பால் ரசிகர்களும் பேருந்துப் பயணிகளும் சேர்ந்த எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது: கார் இல்லாதவர் வேலைநாள் மாலையில் வந்து, ஆட்டம் முடிந்து வீடு திரும்ப முடியாத எந்த மைதானத்துக்கும் வரிப்பணம் தரக் கூடாது.

இந்த ஊர்க்காரர்களுக்கு பேஸ்பாலில் ஆர்வமில்லை என்ற பழியை நாங்கள் ஏற்கவில்லை. கூட்டம் குறைவு என்பது உண்மைதான். 2019-இல் அணி 96 ஆட்டங்களில் வென்றது. பருவம் முழுவதும் வந்தவர்கள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர்தான். 30 அணிகளில் மயாமிக்கு மட்டுமே அதைவிடக் குறைந்த கூட்டம். 2023-இல் 99 வெற்றிகள். அந்த அக்டோபரில் நடந்த முதல் பிளேஆஃப் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 19,704 பேர். கொரோனா ஆண்டை விட்டுவிட்டால், 1919-க்குப் பிறகு எந்தப் பிளேஆஃப் ஆட்டமும் இவ்வளவு குறைந்த கூட்டத்தைக் கண்டதில்லை. செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணிக்கு ஆட்டம் வைத்ததும் ஒரு காரணம்தான். ஆனால் வரைபடத்தையும் பாருங்கள். அணியின் மைதானமான டிராபிகானா ஃபீல்ட் இருக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், ஒரு தீபகற்பத்தின் தென்கோடி. டாம்பாக்காரர்கள் விரிகுடாப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். அலுவலகம் விடும் நேரத்தில் ஹோவர்ட் ஃபிராங்க்லண்ட் பாலத்தில் சிக்கினால் முதல் இன்னிங்ஸைப் பார்க்க முடியாது.

ரயிலும் கிடையாது. அதற்கு வழிசெய்யும் விற்பனை வரியை டாம்பா இருக்கும் ஹில்ஸ்பரோ கவுண்டி வாக்காளர்கள் 2010-இலும், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இருக்கும் பினெல்லஸ் கவுண்டி வாக்காளர்கள் 2014-இலும் நிராகரித்தார்கள். 2018-இல் ஹில்ஸ்பரோ ஒப்புக்கொண்ட போக்குவரத்து வரியை மாநில உச்ச நீதிமன்றம் 2021-இல் செல்லாது என்றது. 2025 மார்ச்சில் அணி கைவிட்ட 130 கோடி டாலர் புதிய மைதானத் திட்டமும் பழைய மைதான வளாகத்தையே நம்பியிருந்தது.

அட்லாண்டாவைக் காட்டி எங்களை மறுப்பவர்கள் உண்டு. பிரேவ்ஸ் அணி 2017-இல் நகரின் மார்ட்டா ரயில் எட்டாத காப் கவுண்டிக்கு இடம்பெயர்ந்தது. 2023-இல் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். டிக்கெட் வாங்குவோர் மிகுதியாக வாழும் பக்கம் போனதன் பலன் அது. இடத்தேர்வுக்கு அவ்வளவு வலு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதனால்தான் மைதானம் டாம்பா பக்கம் அமைவதை ஆதரிக்கிறோம். ஆனால் இருக்கைகள் நிரம்புவது மட்டும் எங்களுக்குப் போதாது. பொதுப்பணத்தில் எழும் மைதானத்துக்குக் கார் வைத்திருப்பவர் மட்டுமே வர முடிவது அநியாயம்.

ஆகவே, பாலத்தின் இருபுறத்திலிருந்தும் ஆட்ட நாள் பேருந்துகள், அவற்றுக்குத் தனிப் பாதை, கடைசிப் பந்து வீசி ஒரு மணி நேரம் வரை சேவை, டிக்கெட்டிலேயே அடங்கிய பேருந்துக் கட்டணம் ஆகியவை மைதான ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். இவை இல்லாத ஒப்பந்தம் எந்தக் கவுண்டியில் வாக்கெடுப்புக்கு வந்தாலும் நாங்கள் எதிர்ப்போம்.