முத்திரை குத்தினா தண்ணி சுத்தமாயிடுமா?

போன மாசம் எங்க அபார்ட்மெண்ட் அசோசியேஷன் மீட்டிங். மழைக்கு அப்புறம் போர் தண்ணியில ஒரு வாடை, மூணு வீட்டுப் பசங்களுக்கு வயித்துப்போக்கு. செகரட்டரி சார் ஒரு பேப்பரைத் தூக்கிக் காட்டினார். "என்ஏபிஎல் லேப் ரிப்போர்ட்டுங்க. ஈ.கோலை இல்லை, எல்லாம் நார்மல். இனிமே யாரும் புரளி கிளப்ப வேண்டாம்." கூட்டம் கைதட்டாத குறைதான்.

நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, "சாம்பிள் எங்க சார் எடுத்தீங்க?"ன்னு கேட்டேன்.

"எங்க வீட்டு கிச்சன்லதான் தம்பி."

"ஃபில்டருக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான். குடிக்கிற தண்ணியத்தானே டெஸ்ட் பண்ணனும்?"

"எதுல புடிச்சீங்க சார்?"

"கூல்டிரிங்ஸ் பாட்டில்ல. நல்லா கழுவித்தான் புடிச்சேன்."

ஆக, நாற்பது குடும்பம் புழங்குற போர் தண்ணி பாஸ் ஆகலை. சார் வீட்டு ஆர்ஓ மெஷின் பாஸ் ஆகியிருக்கு!

இதுல லேப் ஒரு பொய்யும் சொல்லலை என்பதுதான் கொடுமை. ரிப்போர்ட்டின் அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் ஒரு வரி இருந்தது: முடிவுகள் பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். நாம கொண்டுபோய்க் கொடுத்த சாம்பிள் என்றால் அப்படிப் போடச் சொல்லி ஐஎஸ்ஓ 17025-லேயே இருக்கு. கிருமி டெஸ்டுக்கு லேப் கொடுக்கிற ஸ்டெரைல் பாட்டில் வேணும், தண்ணியில குளோரின் இருந்தா அதை முறிக்க சோடியம் தயோசல்பேட் வேணும், ஐஸ் பெட்டியில வச்சு 24 மணி நேரத்துக்குள்ள டெஸ்டை ஆரம்பிக்கணும். இதெல்லாம் விட்டுப்போனா மிச்சம் இருக்கிறது பேப்பர் மட்டும்தான்.

"உனக்கெதுக்குய்யா இதெல்லாம், நீ பொட்டி தட்டுறவன்தானே?" என்று கேட்பீங்க. பொட்டி தட்டினதாலதான் தெரியும் மக்களே. ரெண்டு வருஷம் முன்னாடி, கழிவுநீர் டெஸ்ட் பண்ற ஒரு லேபுக்கு ரிப்போர்ட் சாஃப்ட்வேர் எழுதினோம். பேரு வேண்டாம். எல்லாம் முடிஞ்சு டெமோ காட்டும்போது அந்தப் பக்கத்து மேனேஜர் சாதாரணமா கேட்டார்: "ரீடிங் ஏத்தினதுக்கு அப்புறம் மாத்துறதுக்கு ஒரு எடிட் பட்டன் வேணும். லாக்ல வரக்கூடாது."

2017-ல திருத்தின 17025 இதுக்கு நேர் எதிரா சொல்லுது. பதிவை மாத்தலாம். ஆனா பழைய எண்ணும் இருக்கணும், புது எண்ணும் இருக்கணும், யார் எப்ப மாத்தினாங்கன்னும் இருக்கணும். நான் இதை எங்க டீம் லீடர்கிட்ட சொன்னேன். "க்ளையண்ட் கேட்டா குடுப்பா, ஆடிட்டுக்கு அவங்க பதில் சொல்லிப்பாங்க" என்றார். குடுத்தேன். ஆமா, நானேதான் எழுதினேன். அரை நாள் வேலை. என் வாழ்க்கையில நான் எழுதினதுலேயே அசிங்கமான கோடு அதுதான், பக் ஒண்ணுகூட இல்லாட்டியும். அதனால இந்தப் பதிவை யாரோ ஊரான் மேல கல்லெறிவதாக எடுத்துக்காதீங்க.

எடிட் பட்டனால என்ன பெருசா ஆயிடும்? கழிவுநீரை ஆத்துல விட பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும் என்பது நம்ம ஊர் பொது வரம்பு. 45 வந்தா 28-னு ஆக்க நாலு கீ அழுத்தினா போதும். அந்த 28-ஐ நம்பித்தான் கீழே ஒருத்தன் மாடு குளிப்பாட்டுறான், கிணத்துல தண்ணி இறைக்கிறான். நொய்யலை நாசம் பண்ணி, கடைசியில 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற அளவுக்குப் போச்சே, ஞாபகம் இருக்கா? அத்தனை வருஷமும் அங்க சட்டத்துல வரம்பு இல்லாமலா இருந்துச்சு?

நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படின்னு அலுத்துக்காதீங்க. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்ட் நகரத்துல 2015-ல குடிதண்ணியில ஈயம் எவ்வளவுன்னு 71 சாம்பிள் எடுத்தாங்க. மாநில அதிகாரிகள் அதுல ரெண்டைக் கணக்குல சேர்க்காதேன்னாங்க. ரெண்டுமே ஈயம் அதிகமா வந்த சாம்பிள். அதுல ஒண்ணை நீக்கச் சொன்ன காரணம் என்ன தெரியுமா? அந்த வீட்டுல ஃபில்டர் இருக்காம்! அந்த ரெண்டும் போனதும் ஊரோட கணக்கு 15 பிபிபி வரம்புக்குக் கீழே இறங்கிடுச்சு. கருவியில தப்பில்லை, கெமிஸ்ட் மேல தப்பில்லை. எதை எண்ணுவது, எதை விடுவது என்பதுலதான் எல்லாமே போச்சு.

இப்ப ரெண்டு கோஷ்டி சண்டைக்கு வரும்.

முதல் கோஷ்டி: "சர்டிஃபிகேட் இருக்குல்ல, அப்புறம் என்ன?" சாமி, ஐஎஸ்ஓ 9001 வேற, 17025 வேற. முன்னது நிர்வாக முறை ஒழுங்கா இருக்குன்னு சொல்லுது. பின்னதுதான் இந்த டெஸ்டைச் செய்ய உனக்குத் திறமை இருக்கான்னு பார்க்குது. அதுலயும் அங்கீகாரம் லேபுக்கு மொத்தமா கிடையாது, டெஸ்ட் வாரியாத்தான். பிஹெச்சுக்கு அங்கீகாரம் வாங்கின லேபுக்கு ஈயத்துக்கும் இருக்கும்னு அர்த்தமில்லை. ஆடிட் நாள் என்பது நாம க்ளையண்டுக்கு டெமோ காட்டுற நாள் மாதிரி. அன்னிக்கு எல்லாமே ஓடும்.

ரெண்டாவது கோஷ்டி: "எல்லாம் காசு குடுத்தா கிடைக்கும், டெஸ்டே வேஸ்ட்." இவங்கதான் இன்னும் ஆபத்து. ஒழுங்கான லேப் தினமும் என்ன பண்ணுதுன்னு பாருங்க. ஒண்ணுமே இல்லாத தண்ணியை ஓட்டி பிளாங்க் பார்க்கிறான். ஒரே சாம்பிளை ரெண்டு தடவை ஓட்டுறான். தெரிஞ்ச அளவு ஈயத்தைத் தானே கலந்து, அது திரும்ப வருதான்னு பார்க்கிறான். கண்ட்ரோல் சார்ட்ல புள்ளி எல்லையைத் தாண்டினா அந்த பேட்ச் ரிசல்டை நிறுத்தி வைக்கிறான். வெளியிலிருந்து அளவு தெரியாத சாம்பிள் வாங்கி மத்த லேப்களோட தன்னை ஒப்பிட்டுப் பார்க்கிறான். நம்ம யூனிட் டெஸ்ட், ரிக்ரெஷன் டெஸ்ட் எல்லாம் இவங்க முன்னாடி பிச்சை வாங்கணும். இவ்வளவும் பண்றவனையும் எடிட் பட்டன் கேட்டவனையும் ஒரே தராசுல நிறுத்துறது அநியாயம்.

அப்ப கோளாறு எங்கே? யார் காசு குடுக்கிறாங்க என்பதுல. கழிவு விடுற ஆலையே லேபைத் தேர்ந்தெடுக்குது, அதுவே ஃபீஸ் குடுக்குது. ஃபெயில்னு எழுதினா அடுத்த மாசம் ஆர்டர் பக்கத்துத் தெரு லேபுக்கு. இதுல நேர்மையா இருக்கிறவன் பட்டினி கிடக்கணும்.

இது என் சொந்த சரக்கு இல்லை. குஜராத்துல 2009-லிருந்து 2011 வரைக்கும் 473 ஆலைகளை வச்சு ஒரு பரிசோதனையே நடந்தது. எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் நாலு பேரும் அந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட சேர்ந்து செஞ்சாங்க. ஒரு பகுதி ஆலைகளுக்கு ஆடிட்டரைக் குலுக்கல்ல ஒதுக்கினாங்க. சம்பளம் பொதுப் பணத்திலிருந்து, ஒரே ரேட். கூடவே, எடுத்த அளவை வேற ஆள் போய் மறுபடி சோதிச்சாங்க. என்ன ஆச்சு? வரம்புக்குள்ள இருக்குன்னு பொய்யா எழுதுறது 80 சதவீதம் குறைஞ்சது. அந்த ஆலைகள் மாசையும் குறைச்சுக்கிட்டன. காசு வர்ற வழியை மாத்தி, மறுபரிசோதனை பயத்தையும் காட்டினவுடனே, முன்னாடி பொய் எழுதின அதே தொழில் உண்மை எழுத ஆரம்பிச்சது!

இதை இன்னிக்கே நாடு முழுக்கச் செய்யலாம். செய்ய ஆகாயத்திலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. அதுவரைக்கும் நீங்க லேப் ரிப்போர்ட் பார்த்தா இந்த நாலு கேள்வியாவது கேளுங்க:

1. சாம்பிளை யார், எங்கே, எப்ப எடுத்தது? எந்த பாட்டில்ல?
2. இந்தக் குறிப்பிட்ட டெஸ்ட் அவங்க அங்கீகாரப் பட்டியல்ல இருக்கா? என்ஏபிஎல் இணையதளத்துலயே பார்க்கலாம்.
3. அந்த பேட்சோட பிளாங்க், டூப்ளிகேட், ஸ்பைக் ரிசல்ட் என்ன?
4. ஃபீஸ் குடுத்தது யார்?

மூணாவது கேள்விக்கு முகம் சுளிக்கிற லேபை விட்டுட்டு, ஃபைலை எடுத்துக் காட்டுற லேபுக்குப் போங்க. நூறு இருநூறு ரூபா கூட ஆனாலும் பரவாயில்லை.

எங்க அபார்ட்மெண்ட் கதை? வீட்டுக்கு ஐம்பது ரூபா வசூல் பண்ணி, லேப் ஆளையே வரவழைச்சு, சம்ப்புலயும் போர் பைப்புலயும் தனித்தனியா எடுக்கச் சொன்னோம். போர்ல இல்லை. சம்ப்புல ஈ.கோலை இருந்துச்சு. பக்கத்துல ஓடுற சாக்கடைப் பைப்புல விரிசல். பைப்பை மாத்தி, சம்ப்பைக் கழுவி, குளோரின் போட்டாச்சு.

செகரட்டரி சார் இப்ப லிஃப்ட்ல என்னைப் பார்த்தா செல்போனை எடுத்துக்கிறார். பரவாயில்லை.

டிஸ்கி: அந்த எடிட் பட்டன் இன்னும் எங்கேயோ வேலை செஞ்சுக்கிட்டுதான் இருக்கும். நான் எழுதினது, நல்லாவே வேலை செய்யும். லேப்ல வேலை பார்க்கிற நண்பர்கள் யாராவது படிச்சா, உங்க பக்கத்து நியாயத்தையும் பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டினாலும் வாங்கிக்கிறேன்.