பெற்றோர் தொண்டும் பொது அட்டவணையும்

பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா நெருங்குகிறது. குழந்தைகளுக்கு வேஷம் புனைய ஆள் வேண்டும். குடிநீர் வழங்க ஆள் வேண்டும். உபாத்தியாயினி வாட்ஸப் குழுவில் வேண்டுகோள் விடுக்கிறார். நாற்பது பேர் கைகூப்பும் சித்திரத்தை அனுப்பிவைக்கின்றனர். விழாவன்று வந்து நிற்பவரோ, எப்பொழுதும் வரும் அதே மூன்று தாய்மார்! இக்காட்சியை அறியாதார் நம் நேயர்களில் எவருமிரார்.

பெற்றோருக்குச் சிரத்தையில்லை என்று இதற்குக் காரணம் கூறுவோர் உளர். இதை நாம் ஒப்புக்கொள்ளோம். எல்லாரிடமும் பொதுவாகக் கேட்பது எவரிடமும் கேளாததற்குச் சமானமே. "யாராவது வாருங்கள்" என்பது வேறு. "வெள்ளிக்கிழமை காலை 9 மணி முதல் 10 மணி வரை, மூன்றாம் வகுப்பில் கதை வாசித்துக் காட்ட ஒருவர்" என்பது வேறு. முன்னதற்கு மௌனமே விடை. பின்னதற்கு ஒரு பெயர் விடையாகக் கிடைக்கும்.

அமெரிக்கப் பள்ளிகளில் பெற்றோர் இணையத்திலுள்ள பொது அட்டவணையில் பெயர் பதிந்து வகுப்பறைத் தொண்டைப் பங்கிட்டுக்கொள்வது இன்று சாதாரண வழக்கம். 2006-ல் தோன்றிய கூகுளின் அட்டவணையே இதற்குப் போதும். எந்த வேலை, எந்த நாள், எத்தனை பேர் என்று எழுதி லிங்க்கை அனுப்பினால், நிரம்பிய இடமும் வெற்றிடமும் யாவர் கண்ணுக்கும் ஒருங்கே புலப்படும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் தவறி அழித்துவிட்டாலும் பழைய பிரதியை மீட்டுக்கொள்ளலாம்.

நம் நாட்டுக்கும் இது பொருந்தாததன்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதியினர் ஸ்திரீகளாகவும் இருக்க வேண்டுமென்று விதிக்கிறது. தமிழ்நாட்டில் 2021-ல் ஆரம்பமான இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திற்குத் தொண்டர்கள் இணையத்தின் வழியே பெயர் பதிந்து முன்வந்தனர். ஆகவே சட்டமும் இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. சட்டம் பெற்றோருக்கு ஆசனம் அளித்துவிட்டது. வேலையை அளிப்பது நம் பொறுப்பு.

ஆயினும் ஓர் அபாயத்தை எச்சரிக்காமலிருக்க முடியவில்லை. பகல் 11 மணி வேலைகளையே அட்டவணையில் எழுதிவைத்தால், அன்றாடக் கூலிக்குச் செல்லும் தாய் எவ்வாறு வருவாள்? வீட்டிலுள்ள ஒரே கைபேசியைத் தகப்பனார் வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால், அவள் எதில் பெயர் எழுதுவாள்? பெயரில்லாதவளைப் பொறுப்பற்றவள் என்று ஏனையோர் கருதும்படி நேருமாயின், அது தொண்டுக்குரிய ஏடாகாது. ஏழைகளை அவமதிக்கும் ஏடாகவே முடியும்.

எனவே நாம் வேண்டுவன இவை: அட்டவணை தமிழில் இருக்கட்டும். நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போடுதல், கிழிந்த வேஷ உடையைத் தைத்தல் போன்று, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சிறு வேலைகளும் அதில் இடம் பெறட்டும். அதன் பிரதியொன்று பள்ளி வாயிலில் ஒட்டப்படட்டும். அங்கே எழுதப்படும் பெயர்களை மேலாண்மைக் குழுவினர் ஒருவர் இணையத்தில் சேர்க்கட்டும். உபாத்தியாயர் தலையில் இந்தச் சுமையையும் ஏற்றுவது தகாது. குழந்தையின் நோய், தாயின் தொலைபேசி எண் ஆகியவற்றை, லிங்க் கிடைத்த எவரும் பார்க்கும்படி எழுதிவைப்பது பெருந்தவறு. தனிநபர் தரவுகளைக் காக்க 2023-ல் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. பெயரும் வேலையும் இருந்தால் போதும்.

இறுதியாக, நம் நேயர்களான தந்தையருக்கு ஒரு வார்த்தை. மேடையில் கல்வியைப் பற்றி முழங்குகிறோம், பத்திரிகைகளில் எழுதுகிறோம். நம் குழந்தையின் வகுப்பு அட்டவணையைத் திறந்து பார்த்தால், அதில் உள்ளவை பெரும்பாலும் தாய்மாரின் பெயர்களே. மணிக்கணக்கில் அரசியல் பேச அவகாசமுள்ள நமக்கு, மாதத்தில் ஒரு மணி நேரம் அந்த வகுப்பறைக்கு அளிக்க அவகாசமில்லையா? அட்டவணையில் வெற்றிடம் இருக்கிறது. அதில் முதலில் நம் பெயரை எழுதிவிட்டுப் பிறகு பிறரை அழைப்போமாக.