நங்கூரம் எங்கே விழும்?

பெங்களூருவிலிருந்து பவளப்பாறை காணப் புறப்படுவோர்க்குக் கர்நாடகத்துக்குள்ளேயே வாய்த்திருப்பது முருடேஸ்வரத்துக்கு அப்பாலுள்ள நேத்ராணித் தீவு. படகைத் தேரும்போது பலரும் வினவுவது கட்டணத்தையும் நீரடி ஒளிப்படத்தையும் பற்றியே. இந்த அலட்சியத்துக்குப் 'பாறை' என்ற சொல்லும் உடந்தை; பாறைக்கு வலிக்குமா என்ன? உண்மையில் அது பாலிப் எனும் சிற்றுயிர்கள் சுண்ணாம்பால் கட்டிய குடியிருப்பு. உருண்டு திரண்ட பவளவகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. நங்கூரம் நொடியில் உடைப்பது மீளப் பல பத்தாண்டுகள் ஆகலாம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2001 முதல் பவளத்தையும் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. ஆயினும் நடுக்கடலில் ஒவ்வொரு படகையும் கண்காணிக்க ஆளில்லை. முன்பணம் கட்டுமுன் பயணியே கேட்கட்டும்: படகை நிலையான மிதவையில் கட்டுவார்களா, மணற்பரப்பில் நிறுத்துவார்களா, பவளத்தின்மேலேயே நங்கூரம் இறக்குவார்களா? விடைசொல்ல மழுப்புபவரின் படகு எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.