வேர்ட்ஸ்வொர்த் என்னடா தப்பு செய்தார்?

இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன் மக்களே. பிடிக்காதவர்கள் திட்டிவிட்டுப் போகலாம்.

வேர்ட்ஸ்வொர்த்தின் 'டஃபோடில்ஸ்' ஞாபகம் இருக்கிறதா? 1807-ல் வெளியான கவிதை. அதில் 'கே' என்று ஒரு சொல் வரும். ஏரிக்கரையில் ஆடும் பூக்களைப் பார்த்துக் கவிஞரின் மனசு துள்ளுகிறது, அவ்வளவுதான் அர்த்தம். எங்கள் வகுப்பில் அந்த இடம் வந்ததும் கடைசி பெஞ்சில் ஒருவன் சிரித்தான். அப்புறம் வகுப்பே சிரித்தது. ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குத் தாவிவிட்டார். நானும் சிரித்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

இதே மாதிரி தமிழ் வகுப்பிலும் நடந்தது. 'நாற்றம்' என்றால் பழந்தமிழில் நறுமணம். ஆண்டாள் பாட்டில் கர்ப்பூரம் 'நாறும்'. அங்கேயும் சிரித்தோம். ஆனால் தமிழ் ஐயா நிறுத்தி, சொற்கள் காலப்போக்கில் பொருள் மாறும் என்று விளக்கிவிட்டுத்தான் நகர்ந்தார். ஆங்கில வகுப்பில் மட்டும் ஏன் அந்த விளக்கம் இல்லை?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "எவ்வளவு அழகான சொல், அவர்கள் பிடுங்கிக் கெடுத்துவிட்டார்களே!" என்று அங்கலாய்ப்பவர்கள். ஐயா, கொஞ்சம் அகராதியைப் புரட்டுங்கள். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு 17-ம் நூற்றாண்டிலேயே 'ஒழுக்கம் கெட்ட' என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பாலியல் தொழில் செய்த பெண்களை இப்படித்தான் குறித்தார்கள். கெடுத்தது யார்? கண்ணியமானவர்கள்தானே!

1934-ல் 'தி கே டிவோர்சி' என்று ஹாலிவுட்டில் ஒரு படம் வந்தது. குதூகலம் என்ற பொருளும் கூடவே வாழ்ந்துகொண்டுதான் இருந்தது. அதே காலத்தில் ஆணை நேசிக்கும் ஆண்களுக்குச் சமூகம் வைத்திருந்த பெயர்கள் எல்லாம் நோயின் பெயர் அல்லது குற்றத்தின் பெயர் அல்லது வசவு. அந்தப் பட்டியலுக்கு நடுவே தங்களுக்கென்று சந்தோஷமான ஒரு பெயரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1969-ல் நியூயார்க்கில் ஸ்டோன்வால் கலவரத்துக்குப் பிறகு தொடங்கிய இயக்கமே 'கே லிபரேஷன் ஃப்ரண்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டது. நியூயார்க் டைம்ஸ் அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்த அனுமதித்தது 1987-ல்தான்.

இதில் திருட்டு எங்கே இருக்கிறது? ஒரு மனிதன் தன் பெயரைத் தானே சொல்கிறான், அவ்வளவுதான்.

பிடுங்கியது உண்மையில் நாம்தான். பிங்க் சட்டை போட்டால் "கே மாதிரி இருக்கேடா". நண்பன் தோளில் கை போட்டால் அதே கிண்டல். சந்தோஷத்துக்கு இருந்த சொல்லை, ஒரு மனிதக் கூட்டம் தனக்கு வைத்துக்கொண்ட பெயரை, மறுபடியும் வசவாக மாற்றுகிறோம். 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொப்பிப் பழகுவது குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. சட்டம் மாறிவிட்டது, கடைசி பெஞ்ச் மாறவில்லை.

அன்று வகுப்பில் எல்லோரும் சிரித்தோம் என்றேன். எல்லோரும் இல்லை. ஒருவன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதியும் அன்று எனக்கு இல்லை.

அடுத்த முறை அந்த வரி வரும்போது, சிரிக்காமல் படித்துவிட்டுப் போங்கள். அது சந்தோஷத்தைப் பற்றிய வரி.