மலைக்கு ஒரு நியமம், அடிவாரத்துக்கு வேறொன்றா?

திருப்பதியிலிருந்து திருமலைக்குப் புறப்படும் வாகனம் எதுவானாலும் அலிபிரிச் சோதனைச் சாவடியில் நின்றுதான் ஆக வேண்டும். அங்கே காவலர்கள் பைகளைத் துழாவும்போது, பீடி, சிகரெட், மதுபானம் ஆகியவற்றோடு தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பாட்டிலையும் விலக்கப்பட்ட வஸ்துவாகப் பாவித்து எடுத்து வைத்துவிடுகிறார்கள் என்பதும், மலைமேல் தாகமெடுத்தவர் தேவஸ்தானத்தார் அமைத்துள்ள ஜலப்பிரசாதக் குழாயில் பிடித்துக் குடிக்கலாம், அல்லது கடையில் முன்பணம் கட்டிக் கண்ணாடிப் பாட்டில் வாங்கி, காலியானதும் அதைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்பதும் யாத்திரிகர்கள் அறிந்த விஷயங்களே. 2022 ஜூன் முதல் தேதி தொட்டுக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் சேர்த்தே இந்தத் தடை அமலில் இருக்கிறது. முணுமுணுத்தவர்கள் உண்டு, ஆனால், பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கிடைக்கவில்லை என்ற காரணத்துக்காக ஏழுமலையானைத் தரிசிக்காமலே ஊர் திரும்பியவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அடிவாரத்து நட்சத்திர ஹோட்டல்களிலும் மகாநாட்டு மண்டபங்களிலும் நடப்பதோ முற்றிலும் வேறு. ஒவ்வொரு ஆசனத்துக்கும் எதிரே அரை லிட்டர் பாட்டில் ஒன்று. அதில் இரண்டு மிடறு பருகிவிட்டுத் தேநீருக்கு எழுந்து போனவர், திரும்பி வந்ததும் எது தம்முடையது என்று தெரியாமல் புதிதாக ஒன்றைத் திறக்கிறார். பிரமுகருக்குக் கொடுக்கும் பூச்செண்டு பளபளக்கும் உறைக்குள் இருக்கிறது. போர்த்தும் சால்வையும் அவ்வாறே. மேடையின் பின்புறத்தை மறைத்து நிற்கும் பிளெக்ஸ் பதாகையில் அன்றைய தேதியையும் கொட்டை எழுத்தில் அச்சிட்டுவிடுவதால், மறுநாள் அதை வேறு எந்தக் காரியத்துக்கும் உபயோகிக்க முடியாது. பிரதிநிதிக்குத் தரும் பை பாலியெஸ்டர். அதே மாவட்டத்து ஸ்ரீகாளஹஸ்தியில், ஸ்வர்ணமுகி ஆற்று நீரில் அலசித் தாவரச் சாயங்களால் தீட்டும் கலம்காரித் துணிக்கு உலகமெங்கும் கீர்த்தி உண்டு என்பதை ஏற்பாட்டாளர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒருவருமில்லை போலும்.

திருப்பதி மகாநாட்டு ஊரானது நேற்றோ இன்றோ அன்று. 1954இல் ஸ்ரீவேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தோன்றிய நாள் முதலாக அறிஞர் கூட்டங்கள் இங்கே நடந்துவருகின்றன. இந்திய விஞ்ஞான காங்கிரஸ் 1983இலும், மறுபடி 2017 ஜனவரியிலும் இங்கே கூடியது. உலகத் தெலுங்கு மகாசபை 2012 டிசம்பரிலும், தென்மண்டலக் கவுன்சில் 2021 நவம்பரிலும் கூடின. 2025இல் மட்டும் பிப்ரவரியில் ஆலய நிர்வாகம் பற்றிய சர்வதேசக் கூட்டமும், செப்டம்பரில் பெண்கள் முன்னேற்றத்துக்கான சட்டமன்ற, நாடாளுமன்றக் குழுக்களின் தேசிய மகாநாடும் நடந்தேறின. பத்திரிகைகளில் இடம் பெறாத கூட்டங்களுக்கோ கணக்கில்லை: மருத்துவர் சங்கங்கள், சிமெண்ட் முகவர்கள், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள், மென்பொருள் கம்பெனிகள். இவர்களெல்லாம் ஹைதராபாத்தையும் சென்னையையும் விட்டு இங்கே வருவது மண்டபத்தின் மகிமையை உத்தேசித்தல்ல என்பது யாவரும் அறிந்த ரகசியம். அழைப்பிதழின் கடைசிப் பக்கத்தில் 'தரிசன ஏற்பாடு உண்டு' என்ற ஒரு வரி இருக்கிறதே, அதுதான் பாதி மகாநாட்டை இழுத்து வருகிறது.

நிபந்தனை விதிக்கும் பலம் வேறு எந்த ஊரையும்விடத் திருப்பதிக்கு அதிகம் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். கட்டுப்பாடு வைத்தால் வாடிக்கை பெங்களூருக்குப் போய்விடும் என்று ஹோட்டல்காரர்கள் அஞ்சுகிறார்கள். மலையில் கட்டுப்பாடு வந்தபோது கூட்டம் எங்கும் போய்விடவில்லையே!

சுற்றுச்சூழலுக்குக் கேடின்றிக் கூட்டங்களை நடத்துவதற்கென்று சர்வதேசத் தரவிதி ஒன்றே உண்டு. 2012ஆம் வருஷத்து லண்டன் ஒலிம்பிக்ஸை ஒட்டிப் பிறந்து, 2024இல் திருத்தப்பெற்ற அதற்கு ஐ.எஸ்.ஓ. 20121 என்று பெயர். நல்லதுதான், ஆயினும், சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டிவிட்டு, சமையலறைப் பின்வாசலில் பழைய வழக்கத்தையே தொடரும் சாமர்த்தியம் நம்மவர்களுக்கு ஏராளமாக உண்டாகையால், அலிபிரிக் காவலரின் கையில் எனக்குள்ள நம்பிக்கை சான்றிதழின் மேல் இல்லை.

பாட்டிலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதிலும் ஓர் அபாயம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் குப்பை அது. கண்ணுக்குத் தெரியாத விரயம் அதனினும் பெரிது. பெரும்பாலான மகாநாடுகளில் வெளியாகும் கரிவாயுவில் பெரும்பங்கு, பிரதிநிதிகள் வந்து போகும் பிரயாணத்தால் உண்டாவதே. காலையில் சென்னையில் சப்தகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் முற்பகலுக்குள் திருப்பதியில் இறங்கிவிடலாம் என்றிருக்க, ஆளுக்கொரு காரில் வந்து இறங்கிவிட்டுக் காகித உறிஞ்சுகுழலில் இளநீர் பருகிச் சுற்றுச்சூழலைக் காப்பாற்றிவிட்டதாக மகிழ்வதில் என்ன பொருள் இருக்கிறது? திருப்பதி, பாகாலா, காட்பாடி மார்க்கத்தின் 104 கிலோமீட்டரையும் இரட்டைப் பாதையாக்க 2025 ஏப்ரலில் மத்திய மந்திரிசபை அனுமதி அளித்திருக்கிறது. அது முடிந்தால் வேலூர், சித்தூர்ப் பக்கத்தாருக்கும் இதே வசதி கிட்டும். மலைப்பாதையில் 2022 செப்டம்பர் முதல் மின்சாரப் பஸ்கள் ஓடுகின்றன. ஐம்பது பிரதிநிதிகளை இருபது டாக்சிகளில் தரிசனத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டாளர், அந்தப் பஸ்களில் இரண்டை அமர்த்திக்கொண்டால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடாது.

உணவைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். சித்தூர்ச் சீமை மாம்பழத்துக்குப் பேர்போனது. தோத்தாபுரி என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் ரகத்தைக் கூழாக்கி அயல்நாடுகளுக்கு அனுப்பும் ஆலைகள் இங்கே ஏராளம். 2025ஆம் வருஷத்துக் கோடையில் அந்தப் பழத்தின் விலை அதலபாதாளத்துக்கு வீழ்ந்து, ஆலைக்காரர்கள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசாங்கம் 4 ரூபாயும் கொடுப்பதென்று ஏற்பாடு செய்த பின்பும், பழம் ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாசலில் இரவும் பகலும் வரிசையில் காத்துக் கிடந்தன. அவ்வருஷம் மாத்திரமல்ல, எந்த வருஷமும் மகாநாட்டு விருந்தில் பிரதிநிதிகளின் கையில் ஏறுவது அட்டைப் பெட்டியில் அடைத்த ஆரஞ்சு ரசமும், கடல் கடந்து வந்த கிவிப் பழத் துண்டங்களுமே. மதனப்பள்ளித் தக்காளி, இந்தப் பக்கத்து வெல்லம், வேர்க்கடலைச் சட்னியோடு பரிமாறும் கேழ்வரகுச் சங்கடி, இவையெல்லாம் விருந்துக்கு அருகதையற்றவை என்று யார் தீர்ப்பளித்தார்கள்? முப்பது வகை பட்சணங்களை வரிசையாக வைத்து, அவற்றில் பாதி மீந்துபோவதையே உபசாரத்தின் லட்சணமாகக் கொள்ளும் பழக்கம் போக வேண்டும். ஈரக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலையைத் தூக்கிவாக்கத்தில் வைத்திருக்கிறது மாநகராட்சி. ஆனால் மீந்த சோற்றோடு கரண்டியும் கிண்ணமும் உறையும் கலந்து போனால் எந்த ஆலைதான் என்ன செய்யும்? மலைமேல் தினந்தோறும் பல்லாயிரம் பேருக்கு அன்னமிடும் தேவஸ்தானம், சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கிச் சமைக்கும் சாதனத்தை 2002லேயே நிறுவியது என்பதை ஹோட்டல் முதலாளிகள் ஞாபகத்தில் வைப்பது நலம்.

காலத்தையும் பார்த்துத்தான் மகாநாடு கூட்ட வேண்டும். தென்மண்டலக் கவுன்சில் 2021 நவம்பர் 14ஆம் தேதி கூடிக் கலைந்த நாலாம் நாள் பெய்த பேய்மழையில் திருப்பதித் தெருக்கள் ஆறுகளாயின, மலைப்பாதைகள் மூடப்பட்டன, ராயலசெருவு என்னும் பழைய ஏரியின் கரை கசியவே, கீழே இருந்த கிராமங்களைக் காலி செய்ய நேர்ந்தது. ஓடைகளையும் ஏரிகளையும் கட்டடங்களுக்குத் தாரை வார்த்ததன் பலன் அது. கோடையிலோ இதே ஊரின் விடுதிகளுக்கு டாங்கர் லாரி வந்தால்தான் விடிகிறது. வைகுண்ட ஏகாதசிக்கும் பிரம்மோற்சவத்துக்கும் ஜனங்கள் அலைமோதும் நாட்களில் மகாநாட்டுக்காக அறைகளை மொத்தமாகப் பிடித்துக்கொள்வதும் தகாது. 2025 ஜனவரி 8 அன்று ஏகாதசி டோக்கனுக்காகக் கூடிய நெரிசலில் ஆறு உயிர்கள் போயின. அந்நாட்களில் ஊரின் போலீஸும் பஸ்ஸும் மருத்துவமனையும் யாத்திரிகர்களுக்கே போதாதவை.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் அல்ல. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்டோர் கூடும் கூட்டத்துக்கு மாநகராட்சி ஒரு முன்பணம் வாங்கிக்கொண்டு, குப்பை தரம் பிரிந்து வெளியே வந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கட்டும். கலந்து வந்தால் பிடித்துக்கொள்ளட்டும். விசேஷ தரிசனத்துக்குச் சிபாரிசு கோரும் ஏற்பாட்டாளர் எவரும், மலையின் நியமத்தைத் தம் மண்டபத்திலும் அனுசரிப்பதாக எழுதிக் கொடுக்கட்டும்.

சித்தூரைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு, சித்தூர் தனக்கென்று ஒரு வழியைத் தேடிக்கொண்டிருக்கிறது. சென்னை-பெங்களூர் விரைவுச்சாலை அம்மாவட்டத்தின் ஊடாக அமைந்துவருகிறபடியால், இனி நெடுஞ்சாலை ஓரங்களில் மண்டபங்கள் எழுவது திண்ணம். கல்யாணத்துக்கும் கம்பெனிக் கூட்டத்துக்கும் பொதுவாகக் கட்டப்படும் அத்தகைய மண்டபங்கள் சிலவற்றின் பின்கட்டைப் பார்த்திருக்கிறேன். அடுப்பு வைக்க விசாலமான இடம் இருக்கும். பாத்திரம் துலக்க ஒரு மூலையும் இரண்டு குழாயும்தான். எவர்சில்வர் டம்ளர் ஆயிரம் இருந்தாலும் அவற்றைக் கழுவ இடமும் ஆளும் இல்லாமற் போனால் காகிதக் கோப்பையைத் தவிரச் சமையற்காரருக்குக் கதியில்லை; அந்தக் காகிதத்தின் உட்புறத்திலும் பிளாஸ்டிக் பூச்சுதான். ஆகையால், வரைபடத்தில் தாராளமான கழுவுமிடமும் கூரை நீரைச் சேர்க்கும் தொட்டியும் காட்டாத மண்டபத்துக்குச் சித்தூர் அதிகாரிகள் கையெழுத்திடாதிருப்பார்களாக.