ஆள் கணக்கு எடுத்தார்கள். ஆஸ்திக் கணக்கு என்ன ஆயிற்று?



யுத்த காலத்தில் தொழிலாளி வாய் திறந்தால் உடனே பட்டம் சூட்டிவிடுவார்கள். தேசத் துரோகி என்பார்கள். நாட்டைப் பிளக்கிறான் என்பார்கள். கட்டாயப் பட்டாளச் சேவை என்ற பேச்சு வந்துவிட்டாலோ இந்தக் கூச்சல் இன்னும் பலமாகும். பிளந்தவன் யார்? ஆஸ்திரேலியாவின் சரித்திரத்தைப் புரட்டிப் பாருங்கள், பதில் கிடைக்கும்.

முதல் உலக யுத்தம் 1914இல் மூண்டது. மறு ஆண்டே ஆஸ்திரேலிய சர்க்கார் யுத்தக் கணக்கெடுப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதிலே இரண்டு படிவங்கள். ஒன்றில் 18 வயது நிறைந்து 60 எட்டாத ஆண்களின் கணக்கு. மற்றொன்றில் சொத்து, வருமானக் கணக்கு. செக்ரோல் எழுதும் கிராணியும் அதிலே பேர் விழும் பால்வெட்டுத் தொழிலாளியும் இந்த இரண்டு படிவங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 1915ஆம் ஆண்டின் கடைசியில் விலைவாசியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கேட்டு ஜனங்களிடம் வாக்கெடுப்பு நடத்துவதாகத் தொழிற்கட்சி சர்க்கார் வாக்குக் கொடுத்திருந்தது. அரிசி பருப்பு விலை ஏறினால் நமக்கு எப்படியோ, ரொட்டி இறைச்சி விலை ஏறினால் அவர்களுக்கு அப்படி. ஆனால் பிரதமராக வந்த பில்லி ஹியூஸ் அந்த வாக்கெடுப்பைக் கைவிட்டார். இவர் யார் தெரியுமா? துறைமுகத் தொழிலாளர் சங்கத்தை நடத்திப் பெயர் பெற்றவர்! சங்கத்தின் தோளில் ஏறி மேலே போனவர்!

1916 ஜூலையில் பிரான்சில் பிரொமெல் என்ற ஊரில், ஒரே இரவில் 5,500 ஆஸ்திரேலியர்களுக்கு மேல் மாண்டும் காயம்பட்டும் பிடிபட்டும் போனார்கள். பட்டாளத்துக்கு ஆள் போதவில்லை. விலைவாசிக்கு வாக்கெடுப்பு வேண்டாம் என்ற ஹியூஸ், கடல் கடந்த போருக்குக் கட்டாயமாக ஆள் எடுக்க வாக்கெடுப்பு நடத்தினார். "ஆளைக் கட்டாயமாக எடுப்பதானால் ஆஸ்தியையும் அப்படியே எடு" என்று தொழிலாளர் கேட்டார்கள். ஆண் கணக்குப் படிவம் மேசைமேல் வந்தது. ஆஸ்திப் படிவத்தைக் காட்டி எந்தச் சீமானையும் யாரும் முகாமுக்குக் கூப்பிடவில்லை!

1916 அக்டோபர் 28ஆம் தேதி ஜனங்கள் தீர்ப்புச் சொன்னார்கள். வேண்டும் என்றவர்கள் 10,87,557 பேர்; வேண்டாம் என்றவர்கள் 11,60,033 பேர். பட்டாளத்தில் இருந்தவர்களிலேயே 58,894 பேர் வேண்டாம் என்றார்கள். இவர்களையும் கோழைகள் என்பீர்களா? ஹியூஸ் கேட்டாரா? நவம்பரில் தம் ஆட்களோடு கட்சியைவிட்டு வெளியேறி, நேற்றுவரை எதிரிகளாய் இருந்தவர்களோடு கைகோத்தார். 1917 டிசம்பர் 20இல் மறுபடியும் வாக்கெடுப்பு நடத்தினார். முன்னைவிடப் பெரிய தோல்வி!

வேண்டாம் என்றதால் நாடு கவிழ்ந்ததா? இல்லை. தாமாகவே பேர் கொடுத்தவர்கள் நான்கு லட்சத்துக்கு மேல். உயிர் கொடுத்தவர்கள் சுமார் 60,000. சுமையைச் சமமாகப் பங்கிடாமல் மேலிருந்து இறக்கிய உத்தரவுதான் வீட்டையும் கட்சியையும் இரண்டாக்கியது.

அதே இயக்கத்தின் கறையையும் மறைக்கக் கூடாது. ஆட்கள் போருக்குப் போனால் அவர்கள் இடத்துக்கு மலிவுக் கூலிக்கு அந்நியரும் கறுப்பரும் வந்துவிடுவார்கள் என்று பயமுறுத்தி வாக்குச் சேகரித்தார்கள். அந்த நேரத்தில் கப்பலில் வந்த மால்ட்டா நாட்டுத் தொழிலாளர்களுக்கு டச்சு மொழியில் பரீட்சை வைத்து இறங்கவிடாமல் தடுத்தார்கள்! நம் தோலையும் நம் கூலியையும் பூச்சாண்டி காட்டிப் பெறும் ஒற்றுமை, பாட்டாளி ஒற்றுமை ஆகாது.

1916இல் அழைப்புக்கு இணங்க மறுத்துச் சிறை சென்ற ஜான் கர்ட்டின், 1941இல் பிரதமரானார். ஜப்பானியர் வாசலுக்கு வந்தபோது, உள்நாட்டுப் பட்டாளத்தை அக்கம்பக்கத் தீவுகளுக்கும் அனுப்பவேண்டும் என்று அவரே சொன்னார். ஆனால் முதலில் தம் கட்சி மாநாட்டின் முன் வைத்தார். மாநிலக் கிளைகள் விவாதித்து ஒப்பிய பிறகே 1943இல் சட்டம் வந்தது. கசப்பு இருந்தது, கட்சி உடையவில்லை. கேட்டவருக்கும் கேளாதவருக்கும் இதுதான் பேதம்.

இது வெள்ளைக்காரர் கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்ட ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் சுமார் 15,000 பேர். தாமாகவே பேர் கொடுத்து வந்தவர்கள். அவர்களில் பலர் சயாம் ரயில் பாதையில் வாடினார்கள். அதே பாதையில், ஆசை காட்டியும் லாரியில் அள்ளிப் போட்டும் கொண்டுபோன நம் தோட்டத்துத் தமிழர்களும் மடிந்தார்கள். அவர்களிடம் யார் வாக்குக் கேட்டது? சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பேர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் பாட்டன்மாருக்கு முழுமையான பேர்ப் பட்டியல்கூட இல்லை. கட்டாயம் என்ற சொல்லின் கனம் நம் லயங்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆகவே தோழர்களே, எந்த நாட்டில் எந்தச் சர்க்கார் கட்டாயச் சேவை என்று கிளம்பினாலும் தொழிலாளி மூன்று கேள்வி கேட்கவேண்டும். ஜனங்களைக் கேட்டீர்களா? ஏழையின் மகனை எடுக்கும் சட்டம் பணக்காரனின் பெட்டியையும் திறக்கிறதா? மாற்றுக் கருத்துச் சொல்பவனுக்குச் சிறையா, மேடையா? மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வந்தால் தோளை நீட்டுவோம். வராவிட்டால் வேண்டாம் என்று சொல்வது துரோகமல்ல, உரிமை!

நம் சங்கத்துக்கும் இதே விதிதான். பெரட்டுக்கு நிற்பவனைக் கேளாமல் மேலே இருப்பவர் எடுக்கும் முடிவு, எவ்வளவு நல்ல முடிவானாலும், நம்மைப் பிளக்கும். முதலில் கேளுங்கள்!